வீட்டைக் கண்டெய்னரில் ஏற்றினால் எவ்வளவு ஆகும்?

கண்டெய்னரில் வீடு மாற்றுவது என்று ஊரில் பேசப்படுவதில் இரண்டு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்றில், வெற்றுப் பெட்டி வாசலுக்கு வந்து தரையில் இறங்கும். வண்டி போய்விடும். வீட்டுக்காரர் ஒரு வாரமோ பத்து நாளோ ஆற அமர நிரப்பி, தன் பூட்டைப் போட்டுப் பூட்டி, போன் செய்தால் வண்டி மறுபடி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். புது வீடு தயாராகவில்லையா? பெட்டி கிடங்கில் காத்திருக்கும். இன்னொன்றில், மூடிய பெட்டி பொருத்திய லாரி காலையில் வரும், ஆட்கள் ஏற்றுவார்கள், சாயங்காலம் கிளம்பிவிடும். முதலாவது அமெரிக்க வழக்கம். இரண்டாவதுதான் தூத்துக்குடி வட்டாரத்தில் நடப்பது. ஒன்றின் விலையை வைத்துக்கொண்டு மற்றதற்குப் பேரம் பேசினால் கணக்கு உதைக்கும்.

முதல் முறைக்கு வயது அதிகமில்லை. 1998இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பாட்ஸ் என்ற நிறுவனம் இதைத் தொடங்கியது. (தொடங்கிய பீட்டர் வார்ஹர்ஸ்ட் அதற்கு முன் தீயணைப்புத் துறையில் இருந்தவர்.) நியூஜெர்சியிலோ டல்லாஸிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் அந்த வெள்ளைப் பெட்டி பழகிப்போன காட்சி. பெரிய பெட்டி 16 அடி நீளம், 8 அடி அகலம், 8 அடி உயரம். ரசீதில் பெட்டியைக் கொண்டுவந்து இறக்க ஒரு கட்டணம், மாத வாடகை, ஊர் விட்டு ஊர் கொண்டுபோக ஒரு கட்டணம், காலியானதும் திரும்ப எடுத்துப் போக ஒன்று. தெருவில் நிறுத்துவதாக இருந்தால் பல நகராட்சிகளில் அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும்.

அந்த ரசீதில் இல்லாதது ஏற்றுக்கூலி. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் ஆள் கூலி மணிக்கணக்கில் ஏறும். லாரியும் டிரைவரும் நான்கு ஆட்களும் வாசலில் நிற்க, வீட்டுக்காரர் அப்போதுதான் பரணைக் காலி செய்துகொண்டிருந்தால் பில் எகிறிவிடும். பெட்டியை மட்டும் விட்டுப் போனால் வீட்டுக்காரர் தன் ஓய்வு நேரத்தில் தானே சுமக்கலாம். காசு கொடுத்துக் கூலியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு அது. தூத்துக்குடியில் நிலைமை தலைகீழ். இங்கே மொத்தச் செலவில் லோடுமேன் கூலி சின்னப் பங்கு. வண்டி நிற்கும் நேரம், டீசல், திரும்பி வரும் வெற்றுப் பயணம், இவைதான் பெரிய பங்கு. அதனால் அதே பெட்டியை இங்கே கொண்டுவந்தால் மிச்சம் பிடிக்க எதுவும் இருக்காது. செலவு மட்டும் கூடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் கண்டெய்னர் பெட்டிகள் மலையாகக் கிடக்கும் ஊர்களில் தூத்துக்குடியும் ஒன்று. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்ட துறைமுகம் இது. ஆண்டுக்கு இருபதடிக் கணக்கில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கையாள்கிறது. முந்திரிக்கொட்டையும் மரத்தடியும் பழைய காகிதமும் உள்ளே வருகின்றன. திருப்பூர் பனியனும் தென்னைநார்க் கழிவும் கிரானைட்டும் வெளியே போகின்றன. மதுரை பைபாஸை ஒட்டிய சரக்கு நிலையங்களிலும் எம்ப்டி யார்டுகளிலும் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்க்கிற யாருக்கும், இதில் ஒன்றை இரண்டு நாளைக்கு வாடகைக்கு வாங்கி வீட்டைக் காலி செய்தால் என்ன என்று தோன்றத்தான் செய்யும்.

முடியாததற்கு முதல் காரணம் சுங்கம். யார்டில் நிற்கும் பெட்டிகள் பெரும்பாலும் கப்பல் கம்பெனிகளுடையவை அல்லது அவர்கள் குத்தகைக்கு எடுத்தவை. குறிப்பிட்ட காலத்துக்குள், பொதுவாக ஆறு மாதத்துக்குள், திரும்ப நாட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் வரி கட்டாமல் உள்ளே வந்திருப்பவை. ‘சும்மாதானே கிடக்குது’ என்று தோன்றும் பெட்டிக்கும் பின்னால் ஒரு பத்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது காரணம் உயரம். இருபதடிப் பெட்டி வெளிப்புறத்தில் 6.06 மீட்டர் நீளம், 2.44 மீட்டர் அகலம், 2.59 மீட்டர் உயரம். உள்ளே ஏறக்குறைய 33 கனமீட்டர் இடம். வெறும் பெட்டியே 2 டன்னுக்கு மேல் கனக்கும். துறைமுக டிரெய்லரில் ஏறி நின்றால் பெட்டியின் தரைப்பலகை ஓர் ஆளின் நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிடும். தொழிற்சாலையில் அந்த உயரத்துக்கு மேடை கட்டி வைத்திருப்பார்கள். வீட்டு வாசலில் என்ன இருக்கிறது? இரண்டு படியும் ஒரு கோலமும். பீரோவை நெஞ்சு உயரத்துக்குத் தூக்க நான்கு பேர் வேண்டும். தரையில் இறக்கலாம் என்றால் கிரேன் வேண்டும். காலிப் பெட்டியை இறக்க ஒரு முறை, நிரம்பியதை ஏற்ற ஒரு முறை, போய்ச் சேர்ந்த ஊரில் இறக்க ஒரு முறை, காலியானதும் ஏற்ற ஒரு முறை. நான்கு கிரேன் வாடகையை எழுதிக் கூட்டிப் பார்த்தாலே ஆசை அடங்கிவிடும். பாட்ஸ் பெட்டியை இறக்க அவர்களே சட்டகம் போன்ற தனி எந்திரம் ஒன்றை லாரியோடு வைத்திருக்கிறார்கள். சரிவில்லாமல் மட்டமாக அப்படியே தூக்கி வைக்கும். அவர்கள் தொழிலே அந்த எந்திரத்தின் மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது காரணம் தெரு. தூத்துக்குடி கீழூரிலோ பிரையண்ட் நகரின் குறுக்குத் தெருக்களிலோ நாற்பதடி டிரெய்லர் நுழைந்தால் வெளியே வர வழியில்லை. மேலே மின்கம்பி, கேபிள் கம்பி. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா நாட்களில் கடற்கரைச் சாலைப் பக்கம் சின்ன வண்டிக்கே பாடு. தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை மாதிரி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் இடம் தாராளம்தான். ஆனாலும் நெடுஞ்சாலையிலிருந்து வீடு வரைக்கும் உள்ள ஊர்ச்சாலை டிரெய்லருக்காகப் போட்டதில்லை.

பெட்டி கண்டுபிடிக்கப்பட்டதே தூக்கும் தடவைகளைக் குறைக்கத்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அவிழ்சரக்காகக் கப்பலில் ஏற்ற அப்போது டன்னுக்கு 5.83 டாலர் ஆனது. பெட்டியில் 16 சென்ட்டுக்கும் குறைவு. தூத்துக்குடித் தோணிகளில் மூட்டை மூட்டையாகச் சரக்கு ஏற்றியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். வீடு மாற்றும்போதும் ஒரு சாமானை எத்தனை முறை தூக்கி வைக்கிறோம் என்பதுதான் செலவு. அதை எண்ணத் தெரிந்தால், யார் தரும் எந்த மதிப்பீட்டுச் சீட்டையும் படித்துவிடலாம்.

இனி நடைமுறையில் உள்ள கண்டெய்னர் லாரி.

சின்னக் குடித்தனத்துக்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் போதும். 2005இல் அது வந்ததிலிருந்து உள்ளூர் வீடு மாற்றம் முழுக்க அதன் முதுகில்தான் நடக்கிறது. தூத்துக்குடிக்குள்ளோ, புதுக்கோட்டையிலிருந்து முத்தையாபுரத்துக்கோ போக இரண்டு நடை, மூன்று நடை அடித்தால் வீடு காலி. வெளியூர் என்றால் 14 அடி, 17 அடி, 19 அடி மூடிய வண்டிகள். 14 அடி வண்டி என்பது 14க்கு 6க்கு 6, அதாவது 504 கன அடி. 17 அடி வண்டியில் உயரம் 7 அடி இருந்தால் 714 கன அடி. 19 அடி வண்டியில் அகலமும் உயரமும் 7 என்றால் 931. கப்பல் பெட்டியின் 33 கனமீட்டர் ஏறக்குறைய 1,165 கன அடி ஆகிறது. (பெட்டி வாடகைக்கே கிடைத்தாலும் ஒரு நடுத்தரக் குடும்பம் அதில் பாதிக் காற்றைத்தான் ஏற்றிப் போகும்.) வண்டியின் அடிக்கணக்கு மட்டும் சொல்லி அகல உயரத்தைச் சொல்லாத மதிப்பீடு அரைகுறை மதிப்பீடு.

எந்த வண்டி என்று முடிவு செய்ய வீட்டை அளக்க வேண்டும். ஓர் இரட்டைக் கதவு ஸ்டீல் பீரோ ஆறரை அடிக்கு மூன்றடிக்கு ஒன்றரை அடி, சுமார் 29 கன அடி. கட்டிலைக் கழற்றினால் சுவரோடு சாய்த்து வைத்துவிடலாம். கழற்ற முடியாத தேக்குக் கட்டில் மெத்தையோடு சேர்ந்து பீரோ இரண்டின் இடத்தைத் தின்னும். பெரும்பாலான வீடுகளில் கணக்கைக் கெடுப்பது கண்ணில் படும் சாமான் இல்லை. பரணில் இருப்பது. சீர்வரிசையில் வந்த பித்தளை அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் குடங்கள், பழைய தொட்டில், யாரும் திறக்காத டிரங்குப் பெட்டி. மதிப்பீட்டுக்கு வருகிறவர் பரணை எட்டிப் பார்க்காமல் போனால், ஏற்றும் நாளில் வண்டி பற்றாமல் போய், அங்கேயே பேச்சு மாறும். ஆட்டுரலும் அம்மியும் தனிக் கணக்கு. இடம் கொஞ்சம்தான் பிடிக்கும், ஆனால் லோடுமேன்கள் அதற்குத் தனியாகக் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்.

மாடி இன்னொரு விஷயம். “அண்ணாச்சி, மூணாவது மாடின்னு சொல்லவே இல்லியே” என்ற வசனம் கேட்காத வீடு மாற்றம் குறைவு. லிஃப்ட் உண்டா, அதில் பீரோ போகுமா, வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் எத்தனை அடி என்பதையெல்லாம் முதலிலேயே சொல்லி எழுதி வாங்கியவர்கள் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை விட, சண்டை இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். போய்ச் சேரும் ஊரையும் மறக்கக் கூடாது. சென்னையில் பல தெருக்களுக்குள் பெரிய வண்டி போகாது; பகலில் கனரக வாகனத்துக்குத் தடை உள்ள சாலைகளும் உண்டு. அங்கே வெளியே நிறுத்தி குட்டி யானைக்கு மாற்றினால் தூக்கும் தடவை இரண்டு கூடிவிடும், கூலியும் கூடும்.

ஊர்ப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. தூத்துக்குடி–திருநெல்வேலி சாலையில் உள்ள புதுக்கோட்டைக்கும், திருச்சிக்குத் தெற்கே இருக்கும் மாவட்டத் தலைநகர் புதுக்கோட்டைக்கும் வித்தியாசம் தெரியாத புக்கிங் ஆபீஸ்கள் வெளியூரில் நிறைய. சென்னையிலிருந்து போனில் விலை கேட்டால் 400 கிலோமீட்டருக்குள் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள். விலை மலிவாகத் தெரிந்து மனம் குளிரும். வண்டி கிளம்பிய பிறகு “கூட இருநூறு கிலோமீட்டர்” என்று போன் வரும். பின்கோடு 628இல் தொடங்குவது தூத்துக்குடி வட்டாரம், 622 என்றால் அந்தப் புதுக்கோட்டை. பின்கோடைச் சொல்லி விலை கேட்பதே உத்தமம்.

தூரச் செலவின் உள்ளே என்ன இருக்கிறது? புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுமையோடு போகும் 19 அடி லாரி லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுத்தால் 100 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் போக மட்டும் 9,000. வண்டி வெறுமனே திரும்பினால் அதையும் ஏற்றியவர் தலையில்தான் கட்டுவார்கள். டீசல் மட்டும் 18,000ஐ நெருங்கும். மதுரைப் பக்கம் திரும்பினால் புதூர் பாண்டியாபுரம், எலியார்பத்தி என்று தொடங்கி சென்னை வரை வரிசையாகச் சுங்கச்சாவடிகள். (திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்களுக்கு வாகைக்குளம்.) அதன் மேல் டிரைவர் பேட்டா, டயர் தேய்மானம், வண்டியின் மாதத் தவணை, இரண்டு மூன்று நாள் வண்டி வேறு வேலைக்குப் போகாத இழப்பு.

இதில் பாதியைக் குறைக்கும் ஒரே கேள்வி: ரிட்டர்ன் வண்டி கிடைக்குமா? சென்னையிலிருந்து கம்பெனிச் சரக்கை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி வந்த மூடிய வண்டிக்குத் திரும்பிப் போக லோடு வேண்டும். அந்த வண்டிக்காரருக்குக் கிடைக்கிற காசு லாபம். வீட்டுக்காரர் தேதியில் ஓரிரு நாள் விட்டுக்கொடுத்தால் விலை இறங்கும். தேதியில் பிடிவாதமாக நின்றால் இறங்காது. தேதிக்கும் நம்மூரில் தனி நியாயம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் குடி போகிறவர்கள் குறைவு. தை பிறந்ததும் நல்ல நாளில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். பள்ளிக்கூட விடுமுறை முடியும் மே மாதக் கடைசியும் அப்படித்தான். ஆடியில் வண்டி மலிவு. பால் காய்ச்சுவதை மட்டும் ஆனி முடிவதற்குள் நல்ல நேரத்தில் செய்துவிட்டு, விளக்கும் உப்பும் மஞ்சளும் கையோடு கொண்டுபோய் வைத்துவிட்டு, சாமான்களை ஆடியில் ஏற்றுகிற சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். சாஸ்திரமும் கெடவில்லை, காசும் மிச்சம்.

முழு வண்டி தேவைப்படாதவர்களுக்குப் பங்கு லோடு. ஒரே பெரிய வண்டியில் இரண்டு மூன்று வீட்டுச் சாமான்களைப் பலகையோ தார்ப்பாயோ வைத்துப் பிரித்து ஏற்றுவார்கள். இடத்துக்கு மட்டும் காசு. ஒற்றை ஆளின் அறைச் சாமான், ஒரு பைக், ஒரு பிரிட்ஜ் என்றால் இதுதான் சரி. ஆனால் வண்டி நிரம்பும் வரை காத்திருக்கும், வழியில் மற்றவர் வீட்டில் இறக்கும், சில சமயம் நடுவில் கிடங்கில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றும். தூக்கும் தடவை கூடக் கூட உடைந்த கண்ணாடியும் காலுடைந்த நாற்காலியும் கூடும்.

எந்த வண்டியானாலும், ஏற்றும் முன் உள்ளே ஏறிப் பார்க்க வேண்டிய ஊர் இது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாட்டை நிறுத்துவதில் பெரும்பங்கு தூத்துக்குடி உப்பளங்களுக்கு. உப்பு ஏற்றிய வண்டியின் தரை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் பிரிட்ஜையும் பீரோவையும் வைத்தால் அடிப்பாகம் துருவேறும். கருவாடு ஏற்றிய வண்டியை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். உரம், கந்தகம் ஏற்றியதைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். கதவைச் சாத்தி உள்ளிருந்து பார்த்தால் கூரையில் ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிச்சம் தெரியும். காசு செலவில்லாத சோதனை, ஐந்து நிமிடம் ஆகாது.

மாற்றல் உத்தரவில் போகும் மத்திய அரசு ஊழியர்களுக்கு (துறைமுகம், சுங்கம், கனநீர் ஆலை, மத்திய தொழிற்பாதுகாப்புப் படை என்று தூத்துக்குடியில் மாற்றல் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை) செலவுக் கணக்கு விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஏழாவது ஊதியக்குழுவை ஒட்டி 2017 ஜூலையில் வந்த உத்தரவில் கண்டெய்னர் பெயரோடு வருகிறது: சம்பள நிலை 12க்கும் அதற்கு மேலும் 6,000 கிலோ அல்லது ஓர் இரட்டைக் கண்டெய்னர், 6 முதல் 11 வரை 6,000 கிலோ அல்லது ஓர் ஒற்றைக் கண்டெய்னர். சாலை வழியே கொண்டுபோனால் இந்த இரண்டுக்கும் கிலோமீட்டருக்கு 50 ரூபாய், நிலை 5க்கு 25, அதற்குக் கீழே 15. அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போது இந்த விகிதம் 25 சதவீதம் கூடும் என்ற பிரிவும் உண்டு. 2017 விகிதத்தில் 600 கிலோமீட்டருக்கு மேல்நிலை ஊழியருக்கு 30,000 ரூபாய். கடைநிலை ஊழியருக்கு 9,000. இரண்டு பேருடைய பீரோவும் அதே 29 கன அடிதான் என்பதை விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது, நடுவில் வைத்திருக்கும் செலவு. பழைய வீட்டைக் காலி செய்யும் தேதிக்கும் புது வீட்டுச் சாவி கிடைக்கும் தேதிக்கும் இடையே விழும் இடைவெளிதான் அமெரிக்கப் பெட்டிக்குப் பிழைப்பு. சென்னை, பெங்களூரு மாதிரி நகரங்களில் வீட்டுச் சாமான்களை மாத வாடகைக்கு வைத்துக்கொள்ளும் கிடங்குகள் வந்துவிட்டன. அங்கே இடத்துக்கு வாடகை, கொண்டுபோக ஒன்று, கொண்டுவர ஒன்று. தூத்துக்குடிப் பக்கம் இந்த வேலையைச் சொந்தக்காரர் வீட்டு மாடி அறையோ, கடையின் பின்கட்டோ செய்துவிடும். வாடகை கிடையாது, கடன்பட்ட உணர்ச்சி மட்டும். காசு கொடுத்து வைப்பதானால் மாத வாடகையோடு, போக ஒரு முறையும் வர ஒரு முறையும் ஆகும் கூடுதல் ஏற்றிறக்குக் கூலியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் என்றால், பழைய வீட்டுக்கே இன்னொரு மாத வாடகை கொடுத்துச் சாமான்களை அசைக்காமல் வைத்திருப்பது பல நேரம் மலிவு.

இரும்புப் பெட்டியிலேயே வைப்பது என்றால் தட்பவெப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் வெளியை விடச் சூடு அதிகமாக உறைக்கும். பிளைவுட் பசை விடும், மெழுகுவத்தி உருகும், பழைய கேசட்டுகள் வளையும். இரவில் இரும்பு குளிர்ந்ததும் உள்ளே உள்ள ஈரம் கூரையில் வேர்த்துச் சொட்டும். கடற்காற்றின் உப்பு வேறு. வடகிழக்குப் பருவமழையில் பெட்டி எங்கே நிற்கிறது என்பதே பெரிய விஷயம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளில் வீடுகளே மூழ்கின. தரையோடு வைத்த பெட்டிக்கு வெள்ளத்திலிருந்து தப்பிக்கும் வழி கிடையாது. கப்பல் பெட்டியின் கதவு ரப்பர் மழைச்சாரலைத் தடுக்கும்; ஆனால் தேங்கிய தண்ணீரையும் தடுக்கும் என்று நம்பக் கூடாது.

கப்பல் கண்டெய்னர் நியாயமாக வேலைக்கு வரும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ இருபதடிப் பெட்டி முழுதாக எடுக்கலாம், அல்லது பலர் சரக்கோடு சேர்த்துக் கனமீட்டர் கணக்கில் அனுப்பலாம். பாதிப் பெட்டிக்கு மேல் சாமான் இருந்தால் முழுப் பெட்டியின் விலையைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. சேர்த்து அனுப்புவதில் கடல் கூலி மலிவாகத் தெரிந்தாலும், வந்து இறங்கும் இடத்தில் பிரித்துக் கொடுக்கும் கட்டணம் கனமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாக முளைக்கும். மரச் சட்டம் போட்டுக் கட்டினால், பூச்சி நீக்கச் சூடேற்றிய முத்திரை உள்ள மரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் துறைமுகத்தில் புகைபோடும் செலவு.

வந்திறங்கிய பிறகுதான் உண்மையான மீட்டர் ஓடும். கப்பல் கம்பெனி சில நாட்களை இலவசமாகக் கொடுக்கும். அதைத் தாண்டினால் பெட்டிக்கு நாள்வாடகை, அதுவும் டாலரில், நாள் போகப் போக ஏறுகிற அடுக்கில். துறைமுகமோ சரக்கு நிலையமோ இடத்துக்குத் தனியாகக் கேட்கும். பாஸ்போர்ட் நகலில் ஒரு பக்கம் விட்டுப்போனாலும், சாமான் பட்டியலில் மதிப்பு எழுதாமல் விட்டாலும், சனி ஞாயிறு குறுக்கே விழுந்தாலும் நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். கடல் கூலியை விடத் தாமதக் கூலி அதிகமாகிப்போன கதைகள் கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகங்களில் சாதாரணம்.

சுங்க வரியில் சலுகை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் பயணப்பொருள் விதிகளில், இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடியிருப்பை மாற்றி வருகிற இந்தியருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வீட்டுச் சாமான்கள் வரியின்றி அனுமதிக்கப்பட்டன. கடந்த இரண்டு ஆண்டில் ஓராண்டு இருந்தவருக்கு 2 லட்சம். பெரிய டிவி போன்ற சில பொருள்கள் அந்தச் சலுகைக்குள் வரவில்லை. தனியாக வரும் சாமான், ஆள் வந்த ஒரு மாதத்துக்குள் அங்கிருந்து அனுப்பப்பட்டிருக்க வேண்டும். விதிகளும் வரம்புகளும் மாறக்கூடியவை. பெட்டியை மூடும் முன் நடப்பு விதியை ஏஜென்டிடம் கேட்டுக்கொள்வதுதான் முறை.

உள்நாட்டு மாற்றத்துக்குத் திரும்பினால், ரசீதின் அடிவரிகள் மிச்சம். பழைய வீட்டுச் சாமான்களை லாரியில் கொண்டுபோவது மட்டும் என்றால் ஜிஎஸ்டி விகிதம் குறைவு. கட்டி, ஏற்றி, கொண்டுபோய், இறக்கி, பிரித்து வைப்பது வரை ஒரே ஒப்பந்தம் என்றால் 18 சதவீதம். முதலில் “வரி தனி” என்று மெதுவாகச் சொல்லி, கடைசியில் 18ஐச் சேர்ப்பது வழக்கமான வித்தை. இ-வே பில் போட என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். சொந்த உபயோகத்தில் இருந்த வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில்லே தேவையில்லை.

இன்சூரன்ஸ் வரி இன்னும் கவனிக்க வேண்டியது. சாமான் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வாங்கிக்கொண்டு, உண்மையில் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் பாலிசி எடுக்காத பேர்வழிகள் உண்டு. பாலிசி எண்ணும் கம்பெனிப் பெயரும் போட்ட தாள் கையில் வரவில்லையென்றால் அது இன்சூரன்ஸ் அல்ல, கூடுதல் கட்டணம். இன்சூரன்ஸ் இல்லாதபோது சட்டம் கொடுப்பது கொஞ்சம்தான். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் 2011 விதிகளும் லாரிக் கம்பெனியின் பொறுப்பைப் பொதுவாக வாடகையின் பத்து மடங்குக்குள் நிறுத்துகின்றன, அதுவும் சாமானின் அறிவித்த மதிப்புக்கு மேல் போகாமல். அறிவித்த மதிப்பு என்று ஒன்று இருக்க வேண்டுமானால் ஏற்றும்போதே பட்டியலில் எழுதியிருக்க வேண்டும்; “வீட்டுச் சாமான் 1 லோடு” என்று மட்டும் எழுதிய பில்டியை (லாரி ரசீதை) வைத்துக்கொண்டு உடைந்த டிவிக்கு எதுவும் கேட்க முடியாது.

ஏற்றாமல் விட வேண்டியவையும் உண்டு. கேஸ் சிலிண்டரை மூடிய வண்டியில் ஏற்றக் கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர்கள் தரும் இணைப்பு நிறுத்தச் சீட்டை (டெர்மினேஷன் வவுச்சர்) புது ஊரில் காட்டினால் இணைப்பு தொடரும். பைக்கில் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி நிமிர்ந்து நிற்க வேண்டும், சாய்ந்தால் அமிலம் கொட்டி அடியில் இருக்கும் புடவைப் பெட்டியைத்தான் முதலில் தின்னும். நகை, பத்திரம், சான்றிதழ் பொதுவாக இந்த இன்சூரன்ஸில் வராதவை, கைப்பையில்தான் பயணம்.

இறக்கும் இடத்தில் கதவைத் திறக்கும் முன் சீல் எண் பில்டியில் உள்ளதா என்று பார்த்து, உடைந்ததையும் குறைந்ததையும் டிரைவரின் பிரதியிலேயே எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுப்பது நல்லது. வழக்கு என்று போக நேர்ந்தால், சாமானை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். போனில் சொன்னது கணக்கில் வராது.